தோலில் நிற்கும் பெயர்: இத்தாலியத் தோட்டம் ஒன்றும் நமது பன்னீர்த் திராட்சையும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிகை 2013-இலும், மதுரைச் சுங்குடிச் சேலை அதற்கும் முன்னரே 2005-இலும் இத்தகுதியைப் பெற்றிருந்தன. ஆக, பெரியாற்று நீரும் வைகை நீரும் பாயும் இந்நிலப்பகுதியில் உழவர் விளைவித்த பண்டங்களுக்கும் நெசவாளர் படைத்த பண்டத்துக்கும் சட்டத்தின் காப்பு ஏற்பட்டிருக்கிறது. இது பெருமைக்குரிய செய்தியே. ஆனால், “பெயர் கிடைத்துவிட்டது, விலை எங்கே?” என்னும் கேள்வி சங்கக் கூட்டங்களில் எழாமல் இல்லை. கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலாக விடை கூறுதல் தகாது.

விடை காணும் பொருட்டு, வெகு தொலைவில் நடைபெறும் ஒரு தொழிலை இம்மாதம் அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம். இத்தாலி நாட்டில் சிறு தோட்டக்காரர் சிலர், வெள்ளைத் திராட்சையின் சாற்றை அதன் தோலுடனேயே மாதக்கணக்கில் ஊறவிட்டு, புறச்சரக்கு எதுவும் சேர்க்காமல் ஒயின் செய்கின்றனர். மது அருந்துவதைப் போற்றுவது நமது நோக்கமன்று. குடியினால் சீர்குலைந்த குடும்பங்களை நம் ஊர்கள் நன்கு அறியும். எனினும் ஒரு பண்டத்தின் பெயரும் விலையும் அப்பண்டத்தின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கின்றன, அதனைக் காப்பவர் யார், கெடுப்பவர் யார் என்பவற்றை இத்தொழில் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. நெசவாளராயினும் உழவராயினும் அறிந்துகொள்ளத்தக்க பாடம் அது.

பன்னீர் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது?

முன்னர் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்து, இப்போது தேனி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு, 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீரால் செழித்த பூமி. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் முதலிய ஊர்களில் பந்தல் பந்தலாகத் திராட்சைக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இவ்வகையைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்தார் என்று கூறப்படுகிறது. நாம் பன்னீர்த் திராட்சை என்று வழங்குவதனை உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. வெள்ளைத் திராட்சையாகிய மஸ்கட் ஆப் அலெக்சாந்திரியா என்னும் வகையும், கறுப்புத் திராட்சை வகை ஒன்றும் கலந்து பிறந்த கொடி இது. நிறம் கறுப்பினத்திலிருந்தும், மணம் வெள்ளையினத்திலிருந்தும் வந்தவை எனலாம்.

அந்த மணமே இதற்குப் பெயரைக் கொடுத்தது. பன்னீர் என்பது ரோஜா மலரிலிருந்து வடிப்பது. ரோஜாவின் நறுமணத்திற்குக் காரணமான ஜெரானியால் என்னும் பொருள் மஸ்கட் இனத் திராட்சைகளிலும் உண்டு. அதனுடன் லினலூல் என்னும் வேறொரு மணப்பொருளும் சேர்ந்திருக்கிறது. மதுரை மல்லிகையின் மணத்திலும் இந்த லினலூலுக்குப் பெரும் பங்குண்டு. சீன நாட்டிலும் இதே திராட்சையை ரோஜா மணம் என்று பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு மக்கள், மூக்கினால் மட்டும் சோதித்து ஒரே பெயரைச் சூட்டியிருப்பது வியப்புக்குரியதன்றோ?

இனி இவ்விஷயத்தின் உயிர்நாடிக்கு வருவோம். இம்மணப்பொருள்களில் பெரும்பகுதி பழத்தின் தோலிலும், தோலை ஒட்டிய மெல்லிய சதையிலும் தங்கியிருக்கிறது. நிறம் ஏறக்குறைய முழுவதும் தோலிலேயே உள்ளது. கறுப்புத் திராட்சையை உரித்துப் பார்த்தால் உள்ளே சதை வெளிறியிருப்பதைக் குழந்தையும் அறியும். துவர்ப்பைத் தருகின்ற டானின் என்னும் பொருள் தோலிலும் விதையிலும் இருக்கிறது. சதையில் இருப்பவை பெரும்பாலும் நீரும், சர்க்கரையும், புளிப்புமே. சர்க்கரையையும் புளிப்பையும் எந்தத் திராட்சையிலும் பெறலாம். பன்னீர்த் திராட்சையைப் பன்னீர்த் திராட்சையாக்குவது அதன் தோல்.

தோலுடன் ஊறும் முறை

ஒயின் செய்வதில் வழக்கமான முறைகள் இரண்டு. கறுப்புத் திராட்சையை நசுக்கித் தோலுடனேயே நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின் கிடைக்கும். வெள்ளைத் திராட்சையை உடனே பிழிந்து, தோலையும் விதையையும் விலக்கி, சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெள்ளை ஒயின் கிடைக்கும். நாம் குறிப்பிடும் மூன்றாவது முறையில் வெள்ளைத் திராட்சையையே சிவப்பு ஒயின் செய்வதுபோல் தோலுடன் நொதிக்க விடுகின்றனர். சில நாட்கள் முதல் பல மாதங்கள் வரை சாறும் தோலும் ஒன்றாகக் கிடக்கும். முடிவில் கிடைப்பது தேன் நிறமோ, பழுத்த ஆரஞ்சின் நிறமோ கொண்டிருக்கும். துவர்ப்பும் மணமும் மிகுந்திருக்கும்.

நெசவாள அன்பர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. சாயத் தொட்டியில் நூல் எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அதற்கேற்பச் சாயம் ஏறுகிறது. அவசரப்பட்டு எடுத்த நூல் முதற் சலவையிலேயே வெளுக்கும். இங்கே அதன் மறுதலை நிகழ்கிறது. தொட்டியிலுள்ள நீர் தோலிலிருந்து சாயத்தையும் மணத்தையும் துவர்ப்பையும் இழுத்துக்கொள்கிறது. இரண்டிலும் காலமும் பொறுமையுமே முதலீடு.

நொதித்தல் என்பது யாது? ஈஸ்ட் என்னும் கண்ணுக்குப் புலப்படாத உயிர், சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பெரிய ஆலைகள் சோதனைச் சாலையில் வளர்த்த ஈஸ்ட்டை வாங்கிச் சேர்க்கின்றன. கெடாமலிருக்கக் கந்தக உப்புக்களையும் சேர்க்கின்றன. இயற்கை முறையினர் ஈஸ்ட்டை வாங்குவதில்லை. பழத்துடன் தோட்டத்திலிருந்து வருவதும், பண்டகசாலையில் தானே குடியிருப்பதுமான ஈஸ்ட்டையே நம்புகின்றனர். கந்தகத்தையும் மிகக் குறைக்கின்றனர். ஐரோப்பியச் சட்டப்படி சாதாரண வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடு இருக்கலாம். 2020-இல் பிரான்சு நாட்டில் இயற்கை ஒயினுக்கு ஏற்பட்ட முத்திரையோ 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்கிறது.

நொதிக்கும்போது எழும் வாயு, தோல்களை மேலே தள்ளிக் கனத்த ஆடைபோல் மிதக்கச் செய்யும். அதனை அவ்வாறே விட்டால் காற்றுப்பட்டுக் காடியாகிவிடும். ஆகவே நாளொன்றுக்குப் பன்முறை மரத்துடுப்பினால் தோலைச் சாற்றினுள் அமிழ்த்துகின்றனர். நொதி அடங்கியபின் வாயை மூடிக் காத்திருக்கின்றனர். கெட்டால் திருத்துவதற்கு மருந்தில்லை. ஒரு கொத்தில் அழுகல் இருந்தால் ஒரு தாழி முழுவதும் போயிற்று. இந்த அச்சமே அவர்களைத் தோட்டத்தில் விழிப்புடன் இருக்கச் செய்கிறது.

ஒஸ்லாவியாத் தோட்டம்

இத்தாலி நமக்கு முற்றிலும் புதிய நாடன்று. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மதுவைப் பாண்டிய மன்னன் ஒருவன் பருகிய செய்தி புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் வருகிறது. வைகை கடலோடு கலக்கும் இடத்தருகேயுள்ள அழகன்குளத்திலும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் ஜாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அந்நாட்டு மண்பாண்டம் பற்றியே இப்போது பேசப் போகிறோம்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், சுலோவேனியா எல்லையை ஒட்டி, கொரிசியா நகருக்கருகே ஒஸ்லாவியா என்னும் சிற்றூர் இருக்கிறது. முதல் உலகப்போரில் குண்டுகளால் அழிந்து மீண்ட ஊர் அது. அங்கே யோஷ்கோ கிராவ்னர் என்பவரின் குடும்பத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் உண்டு. அவர் இளமையில் காலத்துக்கேற்ற எல்லாப் புதுமைகளையும் கையாண்டவர். எஃகுத் தொட்டிகளையும் பிரெஞ்சு மரப்பீப்பாய்களையும் வாங்கினார். அவருடைய வெள்ளை ஒயின்களுக்கு இத்தாலி முழுவதும் மதிப்பிருந்தது. 1987-இல் கலிபோர்னியாவுக்குச் சென்று, அங்கு ஒயினில் சேர்க்கப்படும் பொருள்களைக் கண்ட பின்னர், தாம் செல்லும் வழியின் முடிவு இதுதானா என்று சிந்திக்கத் தொடங்கினார்.

1996-ஆம் ஆண்டில் ஆலங்கட்டி மழை அவருடைய ரிபோல்லா என்னும் உள்ளூர்த் திராட்சையில் பெரும்பகுதியை நாசமாக்கியது. விற்பனைக்குப் போதாத அச்சிறு விளைச்சலை அவர் சோதனைக்குப் பயன்படுத்தினார். தம் முன்னோர் செய்தவாறு தோலுடன் நொதிக்கவிட்டார். பின்னர் 2000-ஆம் ஆண்டில் காகசஸ் மலைநாடாகிய ஜார்ஜியாவுக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ எண்ணாயிரம் ஆண்டுகளாக ஒயின் செய்யப்படுவதற்குத் தொல்பொருள் சான்று இருக்கிறது. க்வெவ்ரி என்னும் பெரிய மண்தாழியை, உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை நிலத்தில் புதைத்து, அதில் திராட்சையைத் தோலோடு இடுவது அந்நாட்டு மரபு. மண்ணுக்குள் வெப்பம் ஏறாமலும் இறங்காமலும் இருப்பதால் குளிரூட்டும் இயந்திரம் தேவைப்படுவதில்லை. 2013-இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. கிராவ்னர் அத்தாழிகளை வரவழைத்து, 2001-ஆம் ஆண்டு அறுவடை முதல் அவற்றிலேயே ஒயின் செய்யலானார். எஃகுத் தொட்டிகள் தோட்டத்தை விட்டு வெளியேறின.

தோலுடன் சுமார் ஆறு மாதம் தாழியில்; பின்பு மரப்பீப்பாயில் பல ஆண்டுகள்; அறுவடையிலிருந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னரே விற்பனை. அப்போதும் அவருக்கு உடனே பாராட்டுக் கிடைக்கவில்லை. தெளிந்த வெளிர் நிறத்துக்குப் பழகிய வாடிக்கையாளர் பலர், தேன் நிறங்கொண்ட ஒயினைக் கண்டு முகம் சுளித்தனர். அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. வெளிநாட்டுத் திராட்சை வகைகளைச் சிறிது சிறிதாக அகற்றினார். 2012-ஆம் ஆண்டு அறுவடைக்குப் பின் வெள்ளை வகையில் ரிபோல்லா ஒன்றையே வைத்துக்கொண்டார். தோட்டத்தில் குளங்கள் வெட்டினார். பறவைகள் தங்கக் கூடுகள் அமைத்தார். காலப்போக்கில், அதே ஊரைச் சேர்ந்த மற்றக் குடும்பங்களும் இம்முறையைக் கையாள, ஒஸ்லாவியா என்னும் சிற்றூரின் பெயரே உலகச் சந்தையில் ஒரு தரச்சொல்லாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டுவது, அவர் பழைய முறைக்குத் திரும்பினார் என்பது மட்டுமன்று. ஏழாண்டு காத்திருப்பதற்கு முதலீட்டு வலிமையும் முன்பே பெற்ற புகழும் அவருக்கு இருந்தன. நம் பள்ளத்தாக்கில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஏழு நாள் காத்திருப்பதும் கடினம். ஆதலின் அவரை அப்படியே பின்பற்றுதல் இயலாது. அவர் தொழிலின் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தோல் மறக்காது

அந்த அடிப்படை இதுதான்: தோலைச் சேர்த்துப் பயன்படுத்துபவர், தோலின்மீது செய்த எதனையும் மறைக்க முடியாது.

திராட்சைத் தோலின்மேல் மாவு பூத்தாற்போல் ஒரு வெண்படலம் இருப்பதை அனைவரும் அறிவோம். அது கொடி தானே சுரக்கும் மெழுகு. பழத்தின் ஈரம் வெளியேறாமல் அது காக்கிறது. நுண்ணுயிர்களும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நாம் தெளிக்கும் மருந்தும் முதலில் சென்று படிவது அங்கேதான். அறுவடை நெருங்கும் சமயத்தில் பூஞ்சணக் கொல்லியைத் தெளித்தால், அது நோய்ப் பூஞ்சணத்தைக் கொல்வதோடு நில்லாது, நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டையும் தாக்கும். சாற்றை மட்டும் எடுப்பவர் தோலைக் களைந்துவிட்டு ஒருவாறு தப்பிக்கொள்ளலாம். தோலுடன் ஊறவைப்பவருக்கு அந்தப் போக்கிடம் இல்லை. இவ்வகையில் நம் நாட்டு நுகர்வோரும் ஒஸ்லாவியாத் தாழியும் ஒன்றே. பன்னீர்த் திராட்சையை வாங்கும் தாய் தன் குழந்தைக்கு அதனைத் தோலுடன்தான் கொடுக்கிறாள்.

மருந்தே கூடாதென்று நாம் சொல்லவில்லை. இயற்கை முறைத் தோட்டங்களும் மருந்தின்றி நடப்பன அல்ல. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை 1885-இல் பிரான்சு நாட்டில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காகவே அறிவிக்கப்பட்டது. அதனையும் கந்தகத் தூளையும் ஐரோப்பிய இயற்கைத் தோட்டங்கள் இன்றும் கையாளுகின்றன. ஆனால் செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால், ஏழாண்டில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேற்படலாகாது என்று அங்கே அளவு விதித்திருக்கின்றனர். எதனை, எப்போது, எவ்வளவு தெளித்தோம் என்று எழுதிவைப்பதும், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களை விடுவதுமே அவர்களுடைய ஒழுக்கம்.

இவ்வொழுக்கம் தவறினால் நேர்வது என்ன என்பதை நம் நாடே கண்டிருக்கிறது. 2010-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற திராட்சையில் குளோர்மெக்குவாட் என்னும் வளர்ச்சி அடக்கும் மருந்தின் எச்சம் அனுமதிக்கு மேல் காணப்பட்டது. சி.சி.சி. என்று உழவர் வழங்கும் மருந்து அது. பழத்தின்மீது தெளிக்கும் மருந்தன்று. கொடியின் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்கூட்டியே அளிப்பது. எனினும் பழத்தில் வந்து நின்றது. சரக்குகள் மறுக்கப்பட்டன. ஏற்றுமதித் திராட்சையில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தினுடையது. அங்குள்ள விவசாயிகள் பெருநஷ்டமடைந்தனர். தவறு செய்தவர், செய்யாதவர் என்று துறைமுகத்தில் எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெட்டியின்மேல் இருக்கும் பெயர் ஒன்றே.

“சுத்தமாக வளர்த்தவனுக்கும் அதே விலை, நேற்று மருந்தடித்து இன்று வெட்டியவனுக்கும் அதே விலை, பின் எதற்காகச் சுத்தம்?” என்று அங்கத்தினர் கேட்பதுண்டு. இக்கேள்வியைத் தனி விவசாயியால் தீர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தோட்டத்துக்கு வரும் வியாபாரி நிறத்தையும் எடையையும் பார்க்கிறார். தெளிப்புக் கணக்கைப் பார்ப்பதில்லை. பன்னீர்த் திராட்சையோ மரத்திலேயே விட்டு விலைக்குக் காத்திருக்கத்தக்க பண்டமன்று. ஈராண்டில் ஐந்து போகம் காணும் கொடி. ஹெக்டேருக்கு ஆண்டில் 30 டன் வரை விளையும் கொடி. விளைச்சலே சில வேளை விலைக்குப் பகையாகிறது. ஒருவரின் ஒழுக்கத்துக்கு ஊதியம் கிடைக்காதபோது, பலரின் ஒழுக்கத்தை ஒன்று சேர்த்து ஊதியம் கேட்பதற்கே கூட்டுறவு தோன்றியது.

கூட்டுறவு செய்து காட்டியவை

இதற்கும் இத்தாலியிலிருந்தே ஒரு சான்று கூறலாம். வடமேற்கு இத்தாலியில் பார்பரெஸ்கோ என்னும் சிற்றூர். அங்குள்ள திராட்சையின் பெருமையை உணர்ந்து, ஆல்பா நகரத்து ஒயின் கல்விச்சாலைத் தலைவர் டொமீசியோ கவாட்சா என்பவர் 1894-இல் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையை நிறுவினார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. ஒற்றுமை குலைந்த சிறு விவசாயிகள் தத்தம் பழத்தைச் சந்தையில் கிடைத்த விலைக்கு விற்றுவந்தனர். 1958-இல் அவ்வூர்ப் பாதிரியார் 19 சிறு விவசாயிகளை ஒன்றுகூட்டி மீண்டும் சங்கத்தைத் தொடங்கினார். முதல் மூன்று ஆண்டு ஒயினைக் கோயிலின் நிலவறையிலேயே செய்தனர். இன்று அச்சங்கத்தின் ஒயின், பெருந்தனவந்தர் தோட்டங்களின் ஒயினோடு சமமாக மதிக்கப்படுகிறது.

அச்சங்கத்தின் விதிகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதலாவது, அங்கத்தினர் தம் நெபியோலோத் திராட்சை முழுவதையும் சங்கத்துக்கே அளிக்க வேண்டும். நல்லதை வெளியே விற்று, மட்டமானதைச் சங்கத்தில் தள்ளுவதற்கு இடமில்லை. இரண்டாவது, விலை எடைக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. பழத்தின் தரத்துக்கேற்பக் கொடுக்கப்படுகிறது. அன்றியும், பார்பரெஸ்கோ என்னும் பெயரைத் தாங்குவதற்கு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் விளைவிக்கலாகாது என்று அந்நாட்டுச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. நம் மண்ணும் கொடியும் வேறு. 8 டன் நமக்குப் பொருந்தாது. ஆயினும் பெயரை விரும்புவோர் அளவுக்கு வரம்பை ஏற்க வேண்டும் என்னும் நியாயம் எங்கும் ஒன்றே.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மகாராஷ்டிரத்தில் 16 திராட்சை விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் 1991-இல் ஒன்றுகூடி மகாகிரேப்ஸ் என்னும் அமைப்பை உண்டாக்கின. தனித்தனியே குளிர்சாதன அறை கட்ட இயலாத விவசாயிகள், சங்கத்தின் மூலம் குளிரூட்டும் கூடங்களையும் தரம் பிரிக்கும் கூடங்களையும் பெற்று, வெளிநாட்டுச் சந்தையை நேரே அடைந்தனர். 2006 முதல் ஏற்றுமதித் திராட்சை ஒவ்வொன்றும் எந்த வயலில் விளைந்தது என்று கண்டறியும் பதிவுமுறையும் நாட்டில் அமைந்தது. 2010-இன் இடருக்குப் பின்னரும் அச்சந்தை அடியோடு மூடாமல் மீண்டதற்கு, இத்தகைய பதிவும் சோதனையும் துணைநின்றன.

நாம் செய்யத்தக்கவை

ஒயின் செய்வது பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, அரசின் உரிமமின்றி மதுவகை எதையும் செய்தல் குற்றம். வீட்டில் ஜாடியில் ஊறவைத்துப் பார்ப்போம் என்று எவரும் முயல வேண்டாம். சில்லறை மது விற்பனையும் 2003 முதல் அரசு நிறுவனத்தின் வசமே இருக்கிறது. ஆகவே சங்கங்களின் பார்வை வேறு பண்டங்களின்மேல் செல்லுதல் நலம்.

தோலின் செல்வத்தைச் சாராயமில்லாமலே எடுக்கலாம். திராட்சையை நசுக்கி, தோலுடன் 60 டிகிரி அளவில் சிறிது நேரம் சூடாக்கி, பின்னர் வடிகட்டினால், நிறமும் மணமும் சாற்றில் இறங்கும். கொதிக்கவிடலாகாது, கொதித்தால் பன்னீர் மணம் ஆவியோடு போய்விடும். இவ்வாறு எடுத்த சாறு, ஸ்குவாஷ், ஜாம் ஆகியவற்றைச் செய்வது ஒரு சங்கத்தின் சக்திக்கு உட்பட்டதே. உணவுப் பாதுகாப்பு உரிமம் பெறுதல் அவசியம். தொழில்நுட்ப ஆலோசனைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும், ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே இருக்கின்றன. இதனால் எல்லாப் பழமும் விற்றுவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. விலை வீழும் வாரத்தில் ஒரு பகுதியையேனும் சந்தையிலிருந்து விலக்கிவைக்க வழி கிடைத்தால், எஞ்சியதைப் பேசி விற்கும் வலிமை சங்கத்துக்கு உண்டாகும்.

அதற்கு முன்னர், செலவில்லாமல் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, குறியீட்டில் பெயர் பதிதல். குறியீடு கிடைத்ததனால் மட்டும் ஒவ்வொரு விவசாயியும் அதனைப் பயன்படுத்தும் உரிமையை அடைந்துவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, உற்பத்தியாளர் தம்மை அதிகாரம் பெற்ற பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறியீட்டுப் பதிவு பத்தாண்டுக்கு உரியது. பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். அங்கத்தினரின் விண்ணப்பங்களைச் சங்கமே திரட்டி அனுப்புதல் எளிது.

இரண்டாவது, தெளிப்பு ஏடு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் ஏடு. அதில் கவாத்து செய்த நாள், தெளித்த மருந்து, அளவு, நாள், வெட்டிய நாள் ஆகிய ஐந்து பத்திகள் போதும். எழுதப் பழகாதவருக்குச் சங்க எழுத்தர் உதவலாம். மருந்தடிக்கும் கூலியாளின் உடல்நலத்துக்கும் இந்த ஏடு ஒரு காப்பாகும்.

மூன்றாவது, சங்க முத்திரையுள்ள பெட்டி. ஏடு உள்ள தோட்டத்துப் பழம் மட்டும், தோட்ட எண்ணுடன், அப்பெட்டியில் செல்ல வேண்டும். தொடக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தாலும் போதும். 19 பேரைக் கொண்டு பார்பரெஸ்கோ தொடங்கியதை மறக்க வேண்டாம். போகத்துக்கு ஒருமுறை சில பெட்டிகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பும் செலவைப் பத்துப் பேரும் பகிர்ந்துகொண்டால் ஒருவர் தலையில் பாரம் விழாது.

நான்காவது, தரத்துக்கு விலை. சங்கம் எல்லாருக்கும் ஒரே விலை கொடுப்பது சமத்துவம்போல் தோன்றும். உண்மையில் அது உழைத்தவரிடமிருந்து எடுத்து உழைக்காதவருக்குக் கொடுப்பதாகும். வித்தியாசம் கிலோவுக்குச் சிறிதாயினும், அது எழுத்தில் இருக்கட்டும்; பொதுக்குழு அறிய இருக்கட்டும்.

நெசவாள அன்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். சுங்குடியின் பெயர் எங்கே இருக்கிறது? நகத்தால் துணியை எடுத்து, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, அவிழ்க்கும்போது தோன்றும் அந்தப் புள்ளியில் இருக்கிறது. அச்சிட்ட துணியைச் சுங்குடி என்று விற்பவர் நாளடைவில் கட்டுபவரின் கூலியைக் குறைத்துவிடுகிறார். கட்டிய புள்ளி தொட்டால் தெரியும். அச்சிட்ட புள்ளி தொட்டால் தெரியாது. ஆகவே வாங்குவோருக்குத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் சங்கத்தின் வேலையே. திராட்சைக்காரருக்குத் தோல் எதுவோ, சுங்குடிக்காரருக்கு அந்த முடிச்சு அதுவே.

பெயரை அரசாங்கம் பதிவு செய்துகொடுத்திருக்கிறது. அதன் மதிப்பை அங்கத்தினரில் மிகவும் அசட்டையாக இருப்பவரின் பந்தல்தான் நிர்ணயிக்கப் போகிறது. அப்பந்தலைத் திருத்துவது அண்டைத் தோட்டக்காரரால் ஆகாது, சங்கத்தால் ஆகும். அடுத்த கவாத்துக்கு முன் கூடும் பொதுக்குழுவில், தெளிப்பு ஏட்டைப் பற்றிய தீர்மானம் ஒன்றைக் கொண்டுவருமாறு பள்ளத்தாக்கிலுள்ள சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.